எட்டாவது படியில் நின்றவர்

அத்தியாயம் 14

மீனா அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசி ஒன்பது நாளாகிவிட்டது.

ஏன் என்று நமக்குக் கொஞ்சம் தெரியும். கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கும் மீனா, ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் மனோஜ்குமாரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அப்பா பழனிமுத்துவிடம் சொன்னாள். பையன் நஞ்சன்கூட்டுக்காரன். வேறு சாதி, வீட்டில் கன்னடம். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்ட பழனிமுத்து, "உன் வாழ்க்கை, உன் இஷ்டம். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்று மகளின் தோளைத் தட்டிக் கொடுத்தார். போன வாரம் அவர்களை அங்கேதான் விட்டோம்.

அம்மா கனகாவுக்கு இதில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. பழனிமுத்து அவளிடம் பேசவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அரிசி மாவில் அக்கி ரொட்டி தட்டி டப்பாவில் வைத்து மகளிடம் நீட்டினாள்.

"சட்னி தனியா இருக்கு கண்ணு. சாயங்காலம் நேரமாகுமா?"

"தெரியாது."

டப்பா கைமாறியது. ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று.

"நான் என்னங்க பண்ணினேன்?" என்று பேப்பருக்குப் பின்னால் இருந்த கணவரைக் கேட்டாள்.

"நீ ஒண்ணும் பண்ணல. அவ காலம் வேற, உன்ற காலம் வேற. நீ பழைய ஆளு, அவளுக்குப் பிடிக்கல. நாள் போனா சரியாயிடும்."

பிரியமாகத்தான் சொன்னார். இருபத்தொன்பது வருஷமாக அப்படித்தான் சொல்கிறார். பழனிமுத்து நஞ்சன்கூடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் யூனியன் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீராம்புரத்து டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால் சாதி ஒழிப்பில் ஆரம்பித்துப் பெண் விடுதலையில் முடிப்பார். நடுவில் டீ ஆறிப்போகும். "பேச்சு மட்டும் இல்லய்யா, நான் செஞ்சு காட்டினவன்" என்று மனைவியைச் சாட்சிக்கு வைப்பார். அவர் சாதி வேறு, கனகாவின் சாதி வேறு. ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டவர்கள்.

கனகா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பாள். ஆஷாட மாதம் சாமுண்டி மலை ஏறுவாள். அதனால் வீட்டில் அவர் முற்போக்கு, அவள் பழைய ஆள். இந்தப் பங்கீட்டில் கனகாவுக்கு இதுவரை வருத்தம் இருந்ததில்லை. ஒரு வீட்டில் ஒருத்தர் பேசினால் இன்னொருத்தர் விளக்கேற்ற வேண்டியதுதானே என்று நினைத்துக்கொள்வாள்.

*

அவள் வேலை பார்ப்பது சரஸ்வதிபுரத்தில், ஒரு பெயிண்ட் கடைக்கு மாடியில் இருக்கும் கருத்துக் கணிப்பு ஆபீஸில். மூன்று மாதமாக ஒரே கணிப்புத்தான் ஓடுகிறது. சாதாரண ஜனங்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், தாராளவாதமா, பழமைவாதமா?

கணிப்பு நடத்தச் சொன்ன டெல்லிக்காரர்கள் கேள்வியை அழகாக எழுதி அனுப்பிவிட்டார்கள். கேட்கப் போனவர்கள்தான் திண்டாடினார்கள். தேவராஜா மார்க்கெட்டில் ஒரு பூக்காரம்மா, "அதெல்லாம் நம்மகிட்ட வர்றதில்லம்மா, சேவந்தி இருக்கு, போடட்டுமா?" என்றாளாம். அதற்குப் பிறகுதான் சூப்பர்வைசர் மகேஸ்வரி ஒரு ஏணிப் படம் அச்சடித்துக் கொடுத்தாள். பத்துப் படி. கீழ்ப்படி, எல்லாம் மாற வேண்டும் என்கிறவர்களுக்கு. மேல்படி, பெரியவர்கள் வகுத்தபடியே இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு.

ஏணி வந்ததும் ஊரே ஐந்தாவது படியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நடுவில் இருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமே. ஒரு பேங்க் மேனேஜர், மனைவி எதிரில் நாலு என்றார், அவள் காபி போட உள்ளே போனதும் ஏழு என்றார். ஒரு பெண்மணி, "வீட்டுக்குள்ளயா, வெளியவா? எதைக் கேக்கறீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை எழுதிக்கொள்ளப் படிவத்தில் கட்டமே இல்லை.

முழங்கால் வலி வந்த பிறகு கனகா வீடு வீடாகப் போவதில்லை. பேட்டிகள் டேப்லட்டில் பதிவாகும். பத்துக்கு ஒன்றை எடுத்துக் கேட்டு, ஒழுங்காகத்தான் கேள்வி கேட்டார்களா என்று சரிபார்ப்பது இப்போது அவள் வேலை. கன்னடத்துக்கு நாலு பேர் இருக்கிறார்கள். தமிழுக்கு அவள் ஒருத்திதான். தமிழ்ப் பேட்டி எதைச் சரிபார்க்க எடுத்தாலும் அது அவள் காதுக்குத்தான் வர வேண்டும். பேரும் விலாசமும் வராது, குரல் மட்டும் வரும். தெரிந்தவர் குரலாக இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மகேஸ்வரியிடம் சொல்லிவிட வேண்டும். அதுதான் விதி.

பதினொன்றரை மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஐந்தாவது பதிவைத் திறந்தாள். சனிக்கிழமை எடுத்தது. கேட்பது, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ரங்கம்மா.

"சார், நீங்க பேசறது கொஞ்சம் ரெக்கார்ட் ஆகும். பரவால்லீங்களா?"

"பண்ணிக்கம்மா. எனக்கென்ன பயம்?"

அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதா. காலையில்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டாள். தினமும் கன்னடத்தில் மேடையேறுகிற மனுஷன், ரங்கம்மாவுக்குத் தமிழ் தெரியும் என்றதும் ஆசையாகத் தமிழுக்குத் தாவியிருக்கிறார். நிறுத்தியிருக்க வேண்டும். கனகா நிறுத்தவில்லை. சிரிப்புத்தான் முதலில் வந்தது. சொற்பொழிவு அடித்திருப்பார், பாவம் அந்தப் பெண் என்று நினைத்தாள்.

"இந்த ஏணியில நீங்க எங்க நிப்பீங்க சார்?"

"பேரு எழுதுவியா?"

"இல்லீங்க. டெல்லியில நம்பராத்தான் எண்ணுவாங்க."

வாசலில் ஏதோ வண்டி போயிற்று.

"வெளிய கேட்டா ரெண்டுன்னு சொல்வேன். உள்ளதைச் சொல்லணும்னா எட்டுப் போட்டுக்க."

"வீட்டுல மத்தவங்க எங்க நிப்பாங்கன்னு நினைக்கறீங்க?"

"பொண்ணு மூணு. என்ற சம்சாரம் பத்து. அதுல சந்தேகமே வேண்டாம்."

"சாதி விட்டுக் கல்யாணம் பண்றதைப் பத்தி?"

"ஊருல பண்ணா பண்ணிக்கட்டும். என்ற பொண்ணுக்கு வேண்டாம்."

"உங்க கல்யாணம் எப்படிங்க சார்?"

"அது சாதி விட்டுத்தான். வயசுக் கோளாறு." அவர் இருமினார். "திரும்ப அந்த வயசு வந்தா பண்ண மாட்டேன்மா. அதையும் போட்டுக்க, கட்டம் இருந்தா."

கட்டம் இல்லை. ஆனால் பதிவில் இருந்தது.

கனகா அந்த இடத்தை மறுபடி ஒருமுறை கேட்டாள். காது தப்பாகக் கேட்டிருக்குமோ என்று ஒரு நப்பாசை. இரண்டாவது தடவையும் அவர் அதையேதான் சொன்னார். இருமல்கூட அதே இடத்தில் வந்தது.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன், கட்டின புடவையோடு கொள்ளேகாலத்தில் பஸ் ஏறினாள். அவள் அப்பா நஞ்சுண்டசாமி அதே பஸ் ஸ்டாண்டில்தான் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர், மீனா பிறந்ததும் தானே தேடிக்கொண்டு வந்துவிட்டார். ஹனூரில் இருந்த பழனிமுத்துவின் விவசாயக் குடும்பம் இன்றுவரை கனகாவை வாசல் தாண்டி உள்ளே விட்டதில்லை. அதை எல்லாம் அவள் தாங்கியது, கூட நிற்கிறவர் நிற்கிறார் என்கிற ஒரே தைரியத்தில். அந்த மனிதர் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், டிபனில் உப்புக் கம்மி என்பதுபோல இதைச் சொல்லிவிட்டிருக்கிறார்.

படிவத்தின் அடியில் சரிபார்ப்பவருக்கு ஒரு கேள்வி உண்டு: பதில் சொன்னவர் தயக்கமில்லாமல் பேசினாரா? கனகா 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

"ஏன் கனகாக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் மகேஸ்வரி.

"விரதம்பா. ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வரட்டுமா?"

*

மீனா ஆஸ்பத்திரிக் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து அக்கி ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"இங்க எதுக்கும்மா வந்தே?"

"நீ என்கிட்ட ஏன் பேசறதில்லைன்னு கேக்க வந்தேன்."

"உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஆட்டோ பிடிச்சு வருவேனா கண்ணு?"

மீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனசு கலங்கினால் அவள் பேச்சில் கன்னடம் கலந்துவிடும். "மனோஜைக் கட்டிக்கிட்டா நீ உயிரோட இருக்க மாட்டேன்னு சொன்னியாமே. அப்பா எவ்வளவோ கெஞ்சினாராம். நீ சாப்பிடாம படுத்துட்டியாம். எனக்காக நீ சாக வேண்டாம்மா, பிடு. நான் யாரையும் கட்டிக்கல."

"எந்த மனோஜு?"

"சும்னே நடிக்காதே."

"சாமி சத்தியமா கேக்கறேன். எந்த மனோஜு?"

மீனா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணைப் பார்ப்பதுதான் அவள் வேலை. சொந்த அம்மா கண்ணில் இருப்பது பொய்யா நிஜமா என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஹௌதா? நிஜமாவே அப்பா உன்கிட்ட சொல்லலையா?"

"இல்ல."

"இருக்காதும்மா. நீதான் மறந்திருப்பே. இல்ல கோபத்துல ஏதாச்சும் சொல்லியிருப்பே. அப்பா பொய் சொல்ல மாட்டார். இந்த வீட்டுல எனக்கு சப்போர்ட்டே அவர் ஒருத்தர்தான்."

கனகாவுக்கு வாய்வரை வந்தது. உங்கப்பா சனிக்கிழமை என்ன சொன்னார் தெரியுமா என்று ஒரே ஒரு வாக்கியம். அவள் சொல்லவில்லை. ஆபீஸ் விதிக்காக இல்லை. அப்பா மேல் மகள் வைத்திருக்கும் நம்பிக்கையை ஒரு கேன்டீன் மேசையில் வைத்து உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. மேல்படியில் இருப்பவள் அவளாம், கீழே நின்று மகளைக் கைதூக்கி விடுகிறவர் அவராம்.

"பையனை வீட்டுக்குக் கூட்டிட்டு வா, பாக்கலாம்."

"உனக்கு ஓகேவா?"

"அது எனக்கே தெரியல மீனா. வேற பாஷை, வேற பழக்கம். யோசிக்கணும். சண்டைகூடப் போடுவேன். ஆனா என்னைக் கேட்டாத்தானே நான் எதையாச்சும் சொல்ல முடியும்?"

மீனா டப்பாவை மூடினாள். அம்மாவை நம்பினாளா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஆட்டோ வரைக்கும் கூட வந்தாள்.

*

ஆறு மணிக்குக் கனகா வீட்டுக்கு வந்தபோது பழனிமுத்து போனில் யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வைத்துவிட்டார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, பத்துப் படி ஏணி ஒண்ணு. நீங்க எத்தனாவது படியில நிப்பீங்க?"

அவர் சிரித்தார். "என்னடி, ஆபீஸை வீட்டுக்கே கொண்டாந்துட்டியா? ரெண்டு போட்டுக்க."

"சனிக்கிழமை ரங்கம்மாகிட்ட எட்டுன்னு சொன்னீங்க."

பழனிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "அது டெல்லிக்குத்தானே போகுது?"

"டெல்லிக்குப் போறதுக்கு முன்னால என் காதுக்கு வருது. தமிழ்ல பேசறது எல்லாம் என்கிட்டத்தான் வரும்."

"உன்ற வேலை அதுவா?"

"ஏழு மாசமா அதுதான். நீங்க கேட்டதே இல்ல."

அவர், எதிரில் இருப்பவள் மனைவி என்பதையே மறந்துவிட்டவரைப்போலப் பேசினார்.

"எங்கம்மா செத்தப்ப சுடுகாட்டுல என்னை ஓரமா நிக்கச் சொன்னாங்க. பெத்த மகன், கொள்ளிக்குப் பக்கத்துல விடல. வேடிக்கை பார்க்க வந்தவனாட்டம் நின்னேன். நீயும் பாத்தே. அந்தப் பொழப்பு மீனாவுக்கு வேணுமா?"

கனகாவுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு அவர் அழுத அழுகைக்கு மடி கொடுத்தவள் அவள்தான். பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்ததனாலேயே ஆத்திரம் இன்னும் கூடியது.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் சாகறேன்னு சொன்னதா மீனாகிட்ட ஏன் சொன்னீங்க?"

"நான் வேண்டாம்னு சொன்னா அவ என்னை மதிக்க மாட்டா கனகா. இத்தனை வருஷம் பேசினதெல்லாம் பொய்யான்னு கேப்பா. நீ சொன்னா, அம்மா அப்படித்தான்னு விட்டுடுவா."

ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவருடைய பேர் கெடக் கூடாது, அதற்கு அவளுடைய பேர் கெட்டால் பரவாயில்லை. இருபத்தொன்பது வருஷமாக அவள் விளக்கேற்றியது இதற்குத்தான் உபயோகப்பட்டிருக்கிறது.

"ஆத்திரப்படாதே" என்று அவர் நாற்காலியை அருகில் இழுத்தார். "எல்லாம் நல்லபடியா முடியப்போகுது. ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் வர்றாரு. இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்ன மனுஷன். நம்ம சாதியில ஒரு பையன் வீட்டையும் கூட்டிட்டு வர்றாரு. மீனாகிட்ட நாளைக்கு நான் பேசிக்கறேன். பையன் பெங்களூருல இன்ஜினியர். இந்தா, போட்டோவைப் பாரு."

"என்னைப் பத்தி அவங்களுக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் அண்ணனும் நானும் பேசிக்கிட்டோம். நீ போட்டோவைப் பாரு."

போனை வாங்கிப் பார்த்தாள். நல்ல களையான பையன். அந்தப் படத்துக்கு மேலே, நேற்று இவர் அவர்களுக்கு அனுப்பிய மீனாவின் குறிப்பு இருந்தது. விரல் தானாக அதைத் திறந்தது.

தந்தை: பழனிமுத்து, ஓய்வு. தாயார்: கனகா, இல்லத்தரசி. தாய்வழிப் பாட்டனார்: நஞ்சுண்டசாமி (அமரர்), விவசாயம், பாலாறு.

கனகா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அவள் அப்பாவுக்கு எண்பத்தொரு வயது. கண் கொஞ்சம் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. போன பொங்கலுக்கு வந்தவருக்கு இதே பழனிமுத்துதான் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் கறி எடுத்து வைத்தார். அப்பா பாலாற்றுப் பக்கம் ஒரு குழி நிலம்கூட உழுதவர் இல்லை. ஊரார் துணியைத் தேய்த்துத்தான் மகளை எட்டாவது வரை படிக்க வைத்தார்.

"ஏனுங்க" என்றாள். "எங்கப்பா எப்பங்க செத்தாரு?"

பழனிமுத்து போனைப் பிடுங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"உயிரோட இருக்காருன்னு போட்டா, எங்க இருக்காரு, பாக்கலாமான்னு கேப்பாங்க. அதுக்குத்தான். ஒரு வார்த்தைதானே கனகா. அவருக்குத் தெரியவா போகுது?"

தன்னை வயசுக் கோளாறு என்றதைக்கூட என்றைக்காவது ஒருநாள் மன்னித்திருப்பாள். மகளிடம் தன்னைக் கெட்டவளாக்கியதை அழுது தீர்த்திருப்பாள். ஆனால் பெற்றவரை, சோறு போட்டு உபசரித்த அதே கையால், ஒரு சம்பந்தத்துக்காகச் சாகடித்துவிட்டு, அவருக்குத் தெரியவா போகுது என்கிற இந்த மனுஷனோடு எத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அவருடைய போனை மேசைமேல் வைத்தாள். தன்னுடைய போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கொள்ளேகாலத்தில் மணி அடித்தது.

"யாரு, கனகாவா? சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிடணும்ப்பா. ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்துருங்க."

"என்னம்மா விசேஷம்?"

"மீனாவைப் பொண்ணு பாக்க வர்றாங்க. உங்க மாப்பிள்ளையோட அண்ணன்தான் கூட்டிட்டு வர்றாரு."

யாருக்கு எந்த இடம் என்று கிழவருக்குத் தெரியும்.

"அவங்கல்லாம் வர்ற எடத்துல நான் எதுக்கும்மா? நான் வரலாமா? மாப்பிள்ளை வரச் சொன்னாரா?"

"மாப்பிள்ளை பக்கத்துலதான் இருக்காருப்பா. நீங்களே கேட்டுக்கங்க."

கனகா போனைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். முப்பது வருஷம் மைக் பிடித்த கை மடியிலேயே கிடந்தது.

"மாப்பிள்ளைங்களா? நல்லா இருக்கீங்களா சாமி?" என்று நஞ்சுண்டசாமி கேட்டார். பதில் வராததால், சரியாகக் கேட்கவில்லையோ என்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடியும் கேட்டார்.